எத்தனை மணிக்கு எடுத்த தண்ணீர்?

அவையோருக்கு வணக்கம்.

ஓர் ஆற்றைப் பற்றிய அறிக்கையில் ‘கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராம்’ என்று எழுதியிருந்தால், எத்தனை மணிக்கு எடுத்த தண்ணீர் என்றுதான் நான் முதலில் தேடுவேன். பெரும்பாலும் அது எழுதப்பட்டிருக்காது. மணியும் வெப்பநிலையும் தெரியாத வரை அந்த 6-ஐ வைத்துக்கொண்டு ஆறு நலமா நோயா என்று சொல்லவே முடியாது.

முதலில் வெப்பத்தைப் பார்ப்போம். 0 டிகிரியில் இருக்கும் நன்னீர் காற்றிலிருந்து லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் வரை ஆக்சிஜனை வாங்கி வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் அது 9.1 ஆகிவிடும். 30 டிகிரியில் ஏறத்தாழ 7.6. மீனுக்கோ தண்ணீர் சூடாகச் சூடாகத் தேவை ஏறுகிறது. 10 டிகிரி கூடினால் அதன் உடல் கேட்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கழிவைத் தின்னும் பாக்டீரியாக்களின் வேகமும் அப்படியே. சம்பளம் குறைந்த மாதத்திலேயே வீட்டுக்கு விருந்தாளிகளும் வந்து இறங்கியதைப் போன்றது ஆற்றின் கோடை.

ஆனால் கோடை, குளிர்காலம் என்று போவதற்கு முன்பே, ஒரே நாளுக்குள் நடக்கும் கதை இருக்கிறது. வெயில் ஏறினால் பாசியும் நீர்த்தாவரங்களும் ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. பிற்பகலில் அளவு உச்சத்துக்குப் போகும். தண்ணீரின் இயல்பான கொள்ளளவையும் சில சமயம் தாண்டிவிடும். பொழுது சாய்ந்தால் உற்பத்தி நின்றுவிடுகிறது. சுவாசம் நிற்பதில்லை. பாசி, மீன், பாக்டீரியா எல்லாம் இரவு முழுவதும் இருப்பைக் கரைக்க, விடிவதற்குச் சற்று முன்பு அளவு அடிமட்டத்துக்கு வருகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டே ஓடையின் மொத்த உற்பத்தியையும் சுவாசத்தையும் கணக்கிடலாம் என்று 1956-இல் ஹோவர்ட் ஓடம் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் காட்டினார்.

தெளிந்த மலையோடையில் இந்த ஏற்ற இறக்கம் சிறியது. சாக்கடை உரமிட்டுப் பாசி செழித்த ஆற்றில் அது பெரியது. ஆகவே காலை பதினொரு மணிக்கு இரண்டுமே 6 என்று காட்டக்கூடும். விடியற்காலை நான்கு மணிக்கு ஒன்று 6-ஐ ஒட்டியே இருக்க, மற்றது 2-க்கு இறங்கியிருக்கும். மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் அந்த நேரத்துக் கணக்கில்தான். மாதிரி எடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. இருட்டில் ஆற்றில் இறங்க யாருக்கும் தனிப் பயணப்படி கிடைப்பதில்லை.

அளவு அதிகமாக இருந்தால் ஆறு நலம் என்று நினைத்துவிடவும் கூடாது. 2022 கோடையில் போலந்து, ஜெர்மனி வழியே ஓடும் ஓடர் ஆற்றில் டன் கணக்கில் மீன்கள் செத்தபோது அங்கே ஆக்சிஜன் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது. அதைத் தந்ததும் ஒரு பாசிதான், நஞ்சைக் கக்கியதும் அதேதான்.

ஆண்டுக்கணக்கில் நடக்கும் மாற்றத்துக்கு லண்டனின் தேம்ஸைச் சொல்லலாம். 1858 கோடையில் கழிவால் ஆறே நாறிய ‘பெருநாற்ற’த்துக்குப் பிறகு பொறியாளர் பஸால்ஜெட் கட்டிய கால்வாய்கள் கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டுபோய்க் கொட்டின. சிக்கல் தீரவில்லை, இடம் மாறியது. கடல் ஏறி இறங்கும் ஓதம் அதை முன்னும் பின்னும் இழுத்தடித்தது. 1950-களின் கோடைகளில் கழிமுகத்தின் சில பகுதிகளில் ஆக்சிஜனே இல்லாமல் போனது. 1957-இல் அந்த ஆறு உயிரியல் ரீதியில் இறந்துவிட்டதாகவே அறிவித்தார்கள். சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்திய பிறகு, 1974-இல் ஒரு மின்நிலையத்தின் நீர் உறிஞ்சும் வலைகளில் சால்மன் மீன் ஒன்று அகப்பட்டது. அதோடு கதை முடிந்ததாக எண்ண வேண்டாம். 2004 ஆகஸ்டில் கனமழையோடு சாக்கடை வழிந்து கலந்து ஆயிரக்கணக்கான மீன்கள் மடிந்தன. வெதுவெதுப்பான நீர், திடீர்க் கழிவு என இரண்டும் சேர்ந்த நாள் அது. இத்தகைய நாட்களுக்காகவே ஆற்றில் ஆக்சிஜனைச் செலுத்தும் கப்பல்களை அங்கே வைத்திருந்தார்கள்.

நம் நாட்டில் வெளியிடக் குளியலுக்குக் குறைந்தது 5 மில்லிகிராம், மீன்வளத்துக்கு 4 என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்திருக்கிறது. இந்த எண்களை அதிகாலையில் சோதித்துப் பார்ப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. 1888-இல் ஹங்கேரியர் விங்க்லர் தந்த முறை இன்றும் போதும். கரையிலேயே, காற்றுக் குமிழி புகாமல் பாட்டிலை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் சேர்த்துவிட்டால், பழுப்பு வீழ்படிவாக ஆக்சிஜன் அங்கேயே சிறைப்படும். வீழ்படிவு வெள்ளையாகவே நின்றால் அந்த நேரத்தில் ஆக்சிஜன் அறவே இல்லை என்று பொருள். நான்கரை மணிக்கு எடுத்ததை, கல்லூரி திறந்த பிறகு ஆய்வகத்தில் நிதானமாக அளக்கலாம். பாட்டிலின் மேல் மணியையும் வெப்பநிலையையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும்.