எட்டுப் பேரும் ஈர விறகும்

நேயர்களுக்கு வணக்கம். சாரணர் (ஸ்கவுட்) முகாம்களில் வளரும் தோழமையைப் பற்றியும் தலைமைப் பயிற்சியைப் பற்றியும் பேச அழைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் சாரண ஆசிரியராக இருந்தவன் நான். பந்தலில் ஒலிபெருக்கி வைத்து, 'தலைமைப் பண்புகள்' என்று நானும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். அதில் ஒரு வரியைக்கூட எந்த மாணவனும் பிறகு நினைவுபடுத்திச் சொன்னதில்லை. ஆனால் அடுப்பில் கருகிப்போன பொங்கலை எல்லாரும் சொல்கிறார்கள்.

ஆங்கிலேயப் படை அதிகாரி பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முகாமிலிருந்துதான் இந்த இயக்கத்தின் கதை தொடங்குகிறது. சுமார் இருபது பையன்கள். ஈட்டன், ஹாரோ போன்ற பெரிய இடத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பக்கம். போர்ன்மத், பூல் ஊர்களின் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் மறுபக்கம். அன்றைய இங்கிலாந்தில் இவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது நடக்காத காரியம். பேடன் பவல் அவர்களைக் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். ஓநாய், காளை, அண்டங்காக்கை, நீண்ட அலகுடைய கடற்கரைப் பறவை ஒன்று என அணிக்கொரு பெயர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனே தலைவன். இரவில் முறைவைத்து ஓர் அணி மாவும் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு தனியே போய்ச் சமைத்துத் தங்க வேண்டும். சமைத்துத் தர வேறு ஆள் கிடையாது.

நம் ஊருக்கும் இதில் ஒரு கதை உண்டு. வெள்ளையர் நடத்திய சாரணர் சங்கத்தில் இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லாத காலம் அது. 1916-17 வாக்கில் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்; பிரம்மஞான சபையில் அவருடைய தோழரான அருண்டேல் துணை நின்றார். தலைப்பாகை கட்டிய சாரணர்கள், இந்தியப் பாடல்கள்! நாடு விடுதலை பெற்ற பின், பிரிந்து கிடந்த சங்கங்கள் 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கமாக ஒன்றாயின.

2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் அந்த இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணி (ஜாம்போரி என்னும் பெரிய முகாம்) நடந்தது. பல்லாயிரம் பிள்ளைகள். அத்தனை கூட்டத்தில் ஒரு பையன் எப்படித் தலைவனாவான் என்று நண்பர் ஒருவர் கேட்டார். எத்தனை பெரிய திடலாக இருந்தாலும் அவன் கண்ணுக்குத் தெரிவது தன் அணியின் ஆறு பேரோ எட்டுப் பேரோதான். யாருக்குக் காலில் கொப்புளம், யார் வீட்டு நினைவில் இரவில் அழுகிறான் என்பதெல்லாம் அவனுக்குத்தான் முதலில் தெரியும். இப்போது பல முகாம்களில் ஒப்பந்தக்காரர் சமைக்கிறார். பிள்ளைகள் தட்டேந்தி வரிசையில் நிற்கிறார்கள். வசதிதான், மறுக்கவில்லை. பயிற்சியின் பாதி அந்த வரிசையிலேயே தொலைந்துபோகிறது என்பது என் கட்சி.

ஏலகிரியில் ஒரு முகாம். மாலையில் மழை பிடித்துக்கொண்டது. விறகெல்லாம் நனைந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு அணித் தலைவன் கத்திக் கத்தி ஏவினான், ஒருவரும் அசையவில்லை. அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. நான் மூன்று முறை எழுந்தேன். மூத்த பயிற்சியாளர் ஒருவர் என் கையைப் பிடித்து, "உட்காருங்கள் சார்" என்றார். மூன்று முறையும்!

அந்த அணியிலேயே சின்னவன், ஒரு குக்கிராமத்துப் பையன். விறகைப் பிளந்தால் நடுவில் நனையாத வைரக்கட்டை இருக்கும் என்று மெல்லச் சொன்னான். தலைவன் சற்று நேரம் அவனையே பார்த்தான். பிறகு கத்தியை அவனிடம் கொடுத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனான். பத்து மணிக்குப் பொங்கல் வந்தது. அடி கருகி, மேலே வேகாமல் இருந்தது. எட்டுப் பேரும் வழித்துச் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு கரண்டி வைத்தார்கள்.

மறுநாள் பொழுது சாய்வதற்கு முன்பே அவர்கள் கூடாரத்துக்குள் பிளந்த விறகு ஒரு கட்டு தயாராக இருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கட்டியிருந்த முடிச்சு மட்டும் தவறு. நான் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் நகர்ந்துவிட்டேன். வணக்கம்.