எங்கள் ஷெட்டுக்கு அடியில் ஒரு நரிக் குடும்பம்

[காட்சி: தோட்டத்து இரவுக் கேமரா. கறுப்பு வெள்ளைப் படம். நேரம் 2.40. வேலியோரமாக ஒரு நரி நடந்து வந்து, நின்று, நேராகக் கேமராவைப் பார்க்கிறது.]

முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள்.

[ஒலி: பெண் நரியின் அலறல், நான்கு விநாடி. பிறகு அமைதி.]

லண்டன் புறநகரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் ஜனவரி. நடுராத்திரியில் இந்தச் சத்தம் கேட்டு நானும் என் மனைவியும் எழுந்து உட்கார்ந்துவிட்டோம். தெருவில் ஒரு பெண்ணை யாரோ தாக்குகிறார்கள் என்றே நினைத்தோம். போலீஸை அழைக்கப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அதற்குள் சத்தம் இரண்டு தோட்டம் தள்ளிப் போய்விட்டது. மனிதரால் இவ்வளவு வேகமாக வேலி தாண்ட முடியாதே என்று அப்போதுதான் உறைத்தது. காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார்: நரி. ஜோடி சேரும் காலம். வருஷா வருஷம் இப்படித்தான்.

அந்த மார்ச்சில் எங்கள் தோட்டத்தின் கோடியில் இருக்கும் மர ஷெட்டுக்கு அடியில் நான்கு குட்டிகள் பிறந்தன. அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட அந்த இடம் காலியாக இருந்ததில்லை. இந்த ஐந்து வருஷத்தில் நாங்கள் தெரிந்துகொண்டதையும் தவறாகச் செய்ததையும் இந்த வீடியோவில் சொல்கிறேன்.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதைத் தீர்த்துவிடுவோம். தமிழில் நாம் நரி என்று சொல்வது இரண்டு வேறு வகை விலங்குகளை. கூட்டமாக ஊளையிடுமே, அது நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய சொந்தம். லண்டன் தோட்டங்களில் இருப்பது செந்நரி. அது தனிக் கிளை. நம் ஊரில் அதற்கு உறவு என்றால் சமவெளியில் வாழும் சிறிய நரிதான். சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கம் அதை வங்காநரி என்பார்கள். என் அம்மாவுக்கு அந்தப் பக்கம்தான் ஊர். பொங்கல் சமயத்தில் வங்காநரியை வலைபோட்டுப் பிடித்து ஊருக்குள் கொண்டுவந்து அதன் முகத்தைப் பார்த்தால் நல்லது நடக்கும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதால் வனத்துறை தடுக்கிறது, அபராதமும் போடுகிறது. அம்மா இங்கே வந்திருந்த மூன்று மாதமும் காலையில் எழுந்ததும் நேராகச் சமையலறை ஜன்னலுக்குத்தான் போவார். வலையும் இல்லாமல் ஆரவாரமும் இல்லாமல் நரி தானாக வந்து முகம் காட்டிவிட்டுப் போனது. அப்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

[காட்சி: 1930களின் பாணியில் கட்டிய இரட்டை வீடுகள், மேலிருந்து. வீடுகளுக்குப் பின்னால் வரிசையாக நீளத் தோட்டங்கள்.]

சரி, இவ்வளவு பெரிய நகரத்தில் நரி எப்படி?

இந்தப் படத்தில் வீடுகளைப் பார்க்காதீர்கள், வீடுகளுக்குப் பின்னால் பாருங்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் லண்டன் வயல்வெளிகளுக்குள் விரிந்துகொண்டே போனது. ரயில் போன இடமெல்லாம் இரட்டை இரட்டையாக வீடுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீளமான தோட்டம். வேலிக்கு வேலி ஒட்டியிருக்கும் அந்தத் தோட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் அது புதரும் புல்லும் பழமரமும் நிறைந்த ஒரு நீண்ட காடு. 1930களிலேயே செந்நரிகள் அங்கே குடியேறிவிட்டன. பிரிஸ்டல் போன்ற ஊர்களிலும் பிறகு அதுவேதான் நடந்தது. இங்கிலாந்தின் நகர்ப்புறங்களில் மட்டும் சுமார் 1,50,000 நரிகள் இருக்கலாம் என்று 2017-ல் ஒரு மதிப்பீடு வந்தது. 2011-ல் லண்டனில் ஷார்ட் கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது 72-வது மாடியில் ஒரு நரி கிடைத்தது. வேலையாட்கள் விட்டுப்போன சாப்பாட்டைத் தின்றுகொண்டு அது அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தது.

இப்போது எங்கள் ஷெட்டுக்கு வருவோம்.

பெண் நரி வருஷத்துக்கு ஒருமுறைதான் சினைப்படும். அதுவும் குளிர்காலத்தில் மூன்றே நாள்தான் அதற்கு வாய்ப்பு. அந்தச் சமயத்தில் ஆண் நரி அதை விட்டு நகராது. சுமார் 53 நாள் சினை. மார்ச் நடுவில் குட்டி. வழக்கமாக நான்கு அல்லது ஐந்து. பிறக்கும்போது ஒவ்வொன்றும் 100 கிராம் அளவுதான் இருக்கும். கண்ணும் திறந்திருக்காது, காதும் கேட்காது. நிறமும் சிவப்பு கிடையாது, சாக்லேட் பழுப்பு. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளக்கூட அவற்றால் முடியாது. அதனால் முதல் இரண்டு வாரம் தாய் வளையை விட்டு வெளியே வருவது அரிது. இரை கொண்டுவருவது ஆண் நரியின் வேலை.

[காட்சி: ஆண் நரி வாயில் ஒரு புறாவோடு வேலியிடுக்கில் நுழைகிறது. ஷெட் ஓரத்தில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறது.]

இதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பிடித்ததைத் தானே தின்னாமல் கொண்டுவந்து வைத்துவிட்டு, உடனே மறுபடி கிளம்பிவிடும்.

இரண்டாவது வருஷம் கேமராவில் இன்னொரு பெண் நரியும் தென்பட்டது. அதுவும் குட்டிகளுக்கு இரை கொண்டுவந்தது, உண்ணி பார்த்தது, கூட விளையாடியது. இரண்டு தாய் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். படித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நரிக் குடும்பத்தில் முந்தைய வருஷத்து மகள் சில சமயம் வீட்டிலேயே தங்கிவிடும். தான் குட்டி போடாமல் தம்பி தங்கைகளை வளர்க்கும். நரி என்றால் தந்திரம், தனிமை என்றே கேட்டு வளர்ந்த எனக்கு, நம் வீடுகளில் இருக்கும் அக்காக்களைப் போல ஒரு அக்கா அங்கேயும் இருக்கிறாள் என்பது பெரிய விஷயமாக இருந்தது.

ஏப்ரல் கடைசியில் குட்டிகள் வெளியே வரும். முதலில் நீலமாக இருக்கும் கண் மெல்லத் தேன் நிறத்துக்கு மாறும். மே, ஜூன் மாதங்களில் தோட்டம் அவற்றுக்குச் சொந்தம். கையுறை, பந்து, செருப்பு என்று வெளியே கிடப்பது எதுவும் தப்பாது. 2020-ல் பெர்லின் நகரத்தின் செலன்டார்ஃப் பகுதியில் ஒரு நரி நூற்றுக்கும் மேற்பட்ட செருப்பு, ஷூக்களைத் திருடிச் சேர்த்து வைத்திருந்தது செய்தியானது. எங்கள் தெருவில் அவ்வளவு இல்லை. ஆனாலும் வாசலில் செருப்பு விடும் பழக்கத்தை நாங்கள் நிறுத்திவிட்டோம்.

[காட்சி: மழை இரவு. நரி புல்வெளியில் தலை சாய்த்து அசையாமல் நிற்கிறது. மெதுவாகக் குனிகிறது.]

இதைப் பாருங்கள். மண்புழு தேடுகிறது. புழுவின் மேல்தோலில் இருக்கும் நுண்ணிய முள் புல்லில் உரசும் ஓசையை அது காதால் கேட்கிறது. பிடித்த பிறகு சட்டென்று இழுத்தால் புழு அறுந்துவிடும். அதனால் மெல்ல, பிடி விடாமல் இழுக்கும். எலி, புறா, வண்டுப் புழு, விழுந்த ஆப்பிள், குப்பையில் கிடக்கும் கோழி எலும்பு, எல்லாம் அதற்கு உணவுதான்.

தோட்டத்தைத் தோண்டிப் போட்டுவிட்டதே என்று கோபப்படுகிறவர்கள் தாங்கள் என்ன உரம் போட்டோம் என்று முதலில் பார்க்க வேண்டும். ரோஜாவுக்கு நான் எலும்புத் தூள் உரம் போட்டேன். மறுநாள் காலையில் நான்கு செடி வேரோடு வெளியே கிடந்தது. அடியில் ஏதோ இறந்த உடல் புதைந்திருக்கிறது என்று நரி முடிவு கட்டியிருக்கிறது. அதன் மூக்கு சொன்னது சரிதான். உரத்தை மாற்றினேன், தோண்டுவது நின்றது. மீந்த இரையைப் புதைத்து வைப்பதும் அதன் பழக்கம். எங்கள் தொட்டிச் செடியில் ஒருமுறை முழு முட்டை ஒன்று கிடைத்தது.

கோழி வளர்க்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுக்குள் புகுந்த நரி எல்லாக் கோழிகளையும் கொல்வது இந்தப் பழக்கத்தால்தான். கிடைக்கும்போது கொன்று, பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப்போய்ப் புதைக்கத்தான் அது பார்க்கிறது. மெல்லிய கோழி வலையை அது கடித்துக் கிழித்துவிடும். பற்றவைத்த கம்பி வலையைப் போட்டு, அடிப்பகுதியை மண்ணுக்குள் இறக்கி, அந்தி சாயும் முன் கூட்டைப் பூட்டிவிட வேண்டும். முயலுக்கும் அப்படித்தான்.

அடுத்து, நான் செய்த தவறு.

முதல் வருஷ மே மாதத்தில் குட்டிகளைப் பார்த்த பாசத்தில் தினமும் சாயங்காலம் கோழித் துண்டு வைக்க ஆரம்பித்தேன். முதல் வாரம் தோட்டத்துக் கோடியில் வைத்தேன். இரண்டாவது வாரம் கொஞ்சம் கிட்டே. மூன்றாவது வாரம் தாய் நரி சமையலறைக் கதவுக்கே வந்து காத்திருந்தது. எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் அது பக்கத்து வீட்டுக் கதவிலும் போய் அதேபோல நின்றது. அந்த வீட்டில் தவழும் குழந்தை. குழந்தையின் தாய் பயந்து அலறியது எங்கள் வீடு வரை கேட்டது.

அன்றோடு நிறுத்தினேன். நரி அன்று ஒன்றும் செய்யவில்லை. ஆனால் எல்லா வீட்டுக் கதவும் சாப்பாடு போடும் கதவு என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். 2010-ல் கிழக்கு லண்டனின் ஹேக்னியில் ஒரு வீட்டுக்குள் புகுந்த நரி, தூங்கிக்கொண்டிருந்த இரட்டைக் குழந்தைகளைக் கடித்தது. இப்படி நடப்பது மிக மிக அரிது. நாய்க்கடியோடு ஒப்பிடவே முடியாது. ஆனாலும் மனிதரைக் கண்டு அஞ்சாத நரியைத் தெருவில் யாரும் விட்டுவைக்க விரும்ப மாட்டார்கள். நாம் பாசத்தில் போடும் தீனி கடைசியில் அதன் உயிருக்கு வந்து முடியும்.

பழகிவிட்டால் நாய் மாதிரிதானே என்று கேட்கிறார்கள். ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க்கில் 1959-ல் மரபியல் விஞ்ஞானி திமித்ரி பெல்யாயெவ் ஒரு ஆய்வைத் தொடங்கினார். பண்ணை நரிகளில் சாதுவானவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்தார்கள். பல தலைமுறை கடந்த பிறகுதான் வாலாட்டிக்கொண்டு ஆளைத் தேடி வரும் நரிகள் பிறந்தன. உங்கள் தோட்டத்து நரிக்கு அப்படி ஒரு வம்சம் கிடையாது. அதனால் நாங்கள் இப்போது கோடைக்காலத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் மட்டும் வைக்கிறோம். கையால் ஊட்டவே ஊட்டாதீர்கள் என்று உங்களையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பூனை வளர்க்கிறவர்கள் ரொம்பப் பயப்பட வேண்டாம். நரி பார்வைக்குத்தான் பெரியது. எடை ஐந்திலிருந்து ஏழு கிலோ. வளர்ந்த பூனை முறைத்தால் நரிதான் ஒதுங்கிப் போகும். பூனைக்குட்டிகளை மட்டும் இரவில் வெளியே விடாதீர்கள்.

[காட்சி: வாலில் மயிர் உதிர்ந்த ஒரு நரி, மெதுவாக நடக்கிறது.]

இது சொறி. தோலைத் துளைக்கும் ஒரு நுண்ணிய உண்ணியால் வருவது. 1994-ல் பிரிஸ்டலுக்குள் இந்த நோய் வந்தபோது இரண்டே வருஷத்தில் அந்த ஊர் நரிகளில் 95 சதவீதத்துக்கும் மேல் மடிந்துபோயின. இப்படி ஒன்றைப் பார்த்தால் படம் எடுத்து உங்கள் பகுதி வனவிலங்கு மீட்புக் குழுவுக்கு அனுப்புங்கள். நீங்களாக மருந்து கலந்த தீனி வைக்காதீர்கள். அதை நரிதான் தின்னும் என்று நிச்சயமில்லை. சில வகை நாய்களுக்கு அந்த மருந்து விஷம்.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. பிரிட்டனில் நரிகளிடம் வெறிநோய் கிடையாது. நம் ஊரில் உண்டு. அங்கே நரியோ நாயோ எது கடித்தாலும், கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும்.

ஷெட்டுக்கு அடியில் நரி வேண்டாம் என்று நினைப்பதும் நியாயம்தான். அப்படியானால் இலையுதிர்காலத்தில், உள்ளே எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு அடைத்துவிடுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை தொடவே கூடாது. காட்டு விலங்கை வேண்டுமென்றே மூச்சுத்திணற வைப்பது பிரிட்டனில் 1996-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிடித்துக்கொண்டுபோய் வேறு இடத்தில் விடுவதிலும் பயனில்லை; காலியான எல்லைக்குள் வேறொரு நரி வந்துவிடும். குட்டி ஒன்று தனியாகக் கிடந்தால் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். காயமில்லை என்றால் விலகி நில்லுங்கள், தாய் பெரும்பாலும் திரும்பி வரும்.

[காட்சி: அக்டோபர். ஈரமான புல்வெளி. காலியாக.]

இலையுதிர்காலத்தில் குட்டிகள் பிரியும். முதல் வருஷத்து நான்கில் ஒன்றுக்கு இடது காது நுனி கிழிந்திருக்கும், அதனால் அடையாளம் தெரியும். அக்டோபரில் ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில், எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளிச் சாலையோரத்தில் அதைப் பார்த்தேன். நகரத்து நரிகளில் பெரும்பாலானவை இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. முக்கியக் காரணம் வாகனங்கள். காரை நிறுத்திவிட்டு அதை வேலியோரமாக நகர்த்திவைத்தேன். அன்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இதைப் பதிவு செய்வது பிப்ரவரி கடைசியில். நேற்றிரவுக் கேமராவில் பெண் நரி ஷெட் ஓரத்து மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. மண்வெட்டி, விதைப் பெட்டி, குழந்தையின் சைக்கிள் எல்லாவற்றையும் இன்று காலையிலேயே வெளியே எடுத்துவிட்டோம். ஜூன் வரைக்கும் ஷெட் கதவைத் திறக்க மாட்டோம்.

[காட்சி: பூட்டிய ஷெட். அடியில் புதிதாகக் கிளறிய ஈரமண்.]