மாலை நேர பேபி சிட்டரிடம் பெற்றோர் எதை எதிர்பார்க்கலாம்?

[திரையில்: வெளியே கிளம்பத் தயாரான பெற்றோர். தரையில் விளையாடும் குழந்தை. அருகில் அமர்ந்திருக்கும் பேபி சிட்டர்.]

மாலையில் கிளம்பி இரவில் திரும்பும் பெற்றோருக்காக, இடைப்பட்ட மூன்று நான்கு மணி நேரம் மட்டும் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்பவரைப் பற்றியது இந்த வீடியோ. மாதக்கணக்கில் வீட்டோடு இருந்து குழந்தை வளர்ப்பில் பங்கெடுக்கும் பணியாளரின் வேலை வேறு, இவருடைய வேலை வேறு. இந்த வேறுபாடு தெளிவாக இல்லாத வீடுகளில், ஒரு மாலைக்கு வந்தவரிடமே சமையல், துணி மடித்தல், வீட்டுப்பாடம் என எல்லாவற்றையும் எதிர்பார்க்கிறார்கள். வேறு சில வீடுகளிலோ, கட்டாயம் சொல்லியாக வேண்டியதைக்கூடச் சொல்லத் தயங்கி, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நம்பிக் கிளம்பிவிடுகிறார்கள்.

எது நியாயமான எதிர்பார்ப்பு என்று பார்க்க ஓர் எளிய கேள்வி போதும். நீங்கள் கேட்பது சிட்டரின் செயலையா, குழந்தையின் செயலையா? எட்டரை மணிக்கு விளக்கைக் குறைத்து, கதை சொல்லி, குழந்தையைப் படுக்க வைக்க வேண்டும் என்று கேட்கலாம். அது சிட்டரின் கையில் இருக்கிறது. ஒன்பது மணிக்குள் குழந்தை தூங்கியிருக்க வேண்டும் என்று கேட்க முடியாது. பெற்ற உங்களுக்கே பல இரவுகளில் கைகூடாத காரியம் அது.

[திரையில்: குழந்தையோடு விளையாடும் சிட்டர். மேசை மேல் கவிழ்த்து வைக்கப்பட்ட செல்போன்.]

முதல் எதிர்பார்ப்பு கவனம். குழந்தை விழித்திருக்கும் வரை சிட்டரின் கண் குழந்தை மேல் இருக்க வேண்டும், போன் ஒதுங்கி இருக்க வேண்டும். குழந்தை தூங்கிய பிறகு அவர் படிக்கலாம், தொலைக்காட்சி பார்க்கலாம். அதில் குறை காண எதுவும் இல்லை. ஆனால் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளாமல், தானும் தூங்கிவிடாமல், அவ்வப்போது அறைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அனுமதியில்லாமல் நண்பர்களை வரவழைப்பது, குழந்தையின் படத்தைச் சமூக வலைதளத்தில் போடுவது, "கடை வரைக்கும்தானே" என்று குழந்தையைத் தனியாக விட்டுப் போவது ஆகியவற்றுக்கு இடமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். வீட்டுக்குள் நீங்கள் கேமரா பொருத்தியிருந்தால், அதை அவரிடம் சொல்வது உங்கள் கடமை.

மாலைக் குளியலை மட்டும் சிட்டரிடம் விடாதிருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. சில சென்டிமீட்டர் தண்ணீரே ஒரு சிறு குழந்தை மூழ்குவதற்குப் போதும். அது பெரும்பாலும் சத்தமே இல்லாமல் நடந்துவிடுகிறது. அழைப்பு மணி ஒலிக்கிறது, சிட்டர் எழுந்து போகிறார் என்றால் அந்த இடைவெளியே ஆபத்தானது. ஒரு நாள் குளிக்காவிட்டால் என்ன, முகம் கை கால் கழுவிப் படுக்கட்டும்.

[திரையில்: தொட்டிலில் மல்லாந்து உறங்கும் கைக்குழந்தை. தலையணையோ பொம்மையோ இல்லை.]

தூக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். மெத்தை சமமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். தலையணை, தளர்வான போர்வை, மென்பொம்மை எதுவும் உடன் இருக்கக் கூடாது. வந்திருப்பவர் பல குழந்தைகளை வளர்த்த மூத்தவராக இருந்தால், குப்புறப் படுக்க வைத்தால் நன்றாகத் தூங்கும் என்று அவர் உண்மையாகவே நம்பக்கூடும், ஏனென்றால் அவர் காலத்தில் பல இடங்களில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் பல நாடுகளில் இந்த அறிவுரை மாற்றப்பட்டது. மல்லாக்கப் படுக்க வைக்கும் வழக்கம் பரவிய பிறகு, கைக்குழந்தைகள் தூக்கத்தில் திடீரென இறப்பது பெருமளவு குறைந்தது. எனவே அவருடைய அனுபவத்தை மதிக்கும் அதே வேளையில், இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தபடி கண்ணயர்வது இன்னும் ஆபத்தானது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அடுத்தது அழுகை. ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து குழந்தைகளுக்குப் பிரிவுப் பதற்றம் வரத் தொடங்குகிறது. முந்தின மாதம் யார் மடியிலும் உட்கார்ந்த குழந்தை, இப்போது நீங்கள் வாசலைத் தாண்டியதுமே வீறிட்டு அழலாம். இது சிட்டரின் குறையல்ல. குழந்தை பார்க்காதபோது நழுவிப் போவதைவிட, போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தயங்காமல் கிளம்புவது நல்லது. நழுவிப் போனால், எந்த நேரமும் இவர்கள் காணாமல் போகலாம் என்றுதான் குழந்தை கற்றுக்கொள்கிறது. முதல் முறையாக வரும் சிட்டரை அரை மணி நேரம் முன்பே வரச் சொல்லி, நீங்கள் இருக்கும்போதே குழந்தையோடு பழக விடுங்கள். அந்த அரை மணிக்கும் சேர்த்தே பணம் கொடுங்கள்.

அழுகை நிற்கவே இல்லை என்றால் சிட்டர் என்ன செய்ய வேண்டும்? பசியா, டயப்பர் நனைந்திருக்கிறதா, காய்ச்சலா என்று பார்க்க வேண்டும். தூக்கி வைத்து ஆற்றிப் பார்க்க வேண்டும். எதுவும் பலிக்காமல் பொறுமை எல்லை மீறுவதாக அவர் உணர்ந்தால், குழந்தையைத் தொட்டிலில் பத்திரமாகக் கிடத்திவிட்டுச் சில நிமிடங்கள் அடுத்த அறைக்குப் போய் மூச்சு விட்டுக்கொள்ளலாம், உங்களைக் கூப்பிடலாம். கைக்குழந்தையை ஒருபோதும் பிடித்துக் குலுக்கக் கூடாது. குலுக்கினால் மூளையில் நிரந்தரப் பாதிப்பும் மரணமும்கூட நேரலாம். "அழுகையை அடக்க முடியவில்லை என்று நீங்கள் போன் செய்தால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்" என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லப்படாததால்தான் பல இளம் சிட்டர்கள் கூப்பிடத் தயங்குகிறார்கள்.

[திரையில்: நீளவாக்கில் நறுக்கிய திராட்சை. பால் புட்டி.]

சாப்பாட்டைப் பொறுத்தவரை, நீங்கள் எடுத்து வைத்ததை, குழந்தையை உட்கார வைத்துக் கொடுக்க வேண்டும் என்பதே போதும். முழுத் திராட்சையும் முழுக் கொட்டைகளும் சிறு குழந்தைகளின் மூச்சுக்குழாயை அடைக்கக் கூடியவை. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. குழந்தை குடித்து மீதி வைத்த பால் பவுடர் பாலை, குடிக்கத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து மறுபடி கொடுக்கக் கூடாது.

மருந்து விஷயத்தில் சிட்டர் தாமாக முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் அநியாயம், குழந்தைக்கும் ஆபத்து. கொடுத்தே ஆக வேண்டிய மருந்து இருந்தால் அதன் பெயர், எத்தனை மில்லி, கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் ஆகியவற்றைத் தாளில் எழுதி வையுங்கள். நீங்கள் ஐந்து மணிக்குக் கொடுத்த பாராசிட்டமாலை அறியாமல் அவர் ஆறு மணிக்கு மறுபடி கொடுத்துவிட வாய்ப்புண்டு. இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரமாவது இருக்க வேண்டும். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும். மூச்சுத் திணறல், வலிப்பு போன்றவற்றில் முதல் அழைப்பு அவசர உதவி எண்ணுக்கு, அடுத்த அழைப்புதான் உங்களுக்கு என்ற வரிசையும் அந்தத் தாளில் இருக்கட்டும். குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அது திசுவை அரித்துவிடக்கூடும்.

வீட்டு வேலையைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. சாப்பிட்ட தட்டு, பால் புட்டி, இறைந்து கிடக்கும் பொம்மைகள்: அவர் இருந்தபோது உண்டானதை அவர் ஒழுங்குபடுத்தலாம். காலையிலிருந்து குவிந்த பாத்திரங்கள் உங்களுடையவை. அதையும் செய்ய வேண்டுமென்றால் முன்பே கேட்டு, தனியாகப் பணம் பேசுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையையும் சேர்த்து விட்டுப் போவதாக இருந்தாலும், உங்கள் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றாலும், அவர் வாசலில் வந்து நிற்கும்போது சொல்லாமல் முன்னதாகவே சொன்னால்தான் மறுக்கும் உரிமை அவருக்கு உண்மையிலேயே இருக்கும்.

[திரையில்: இரவு. பெற்றோர் திரும்பி வருகிறார்கள்.]

சொன்ன நேரத்துக்குத் திரும்புவது, தாமதமானால் தகவல் சொல்லி அந்த நேரத்துக்கும் பணம் கொடுப்பது, அவர் பத்திரமாக வீடு போய்ச் சேர ஏற்பாடு செய்வது ஆகியவை உங்கள் பக்கத்துக் கடமைகள். அவர் கிளம்பும் முன், நடந்ததை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். குறிப்பாக, குழந்தை விழுந்து தலையில் லேசாக அடிபட்டிருந்தாலும் அதைச் சொல்லியாக வேண்டும். மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்ப முடியாத மயக்கத் தூக்கம் போன்ற அறிகுறிகள் சில மணி நேரம் கழித்து வரலாம், அப்போது காரணம் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொன்ன சிட்டரிடம் எரிந்து விழுந்தால், அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார்.

பேசத் தெரிந்த குழந்தையிடம் மறுநாள் என்னென்ன விளையாடினீர்கள் என்று சாதாரணமாகக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்று குழந்தை சொன்னால், சீக்கிரம் படுக்க வைத்ததால் வந்த கோபமா, பயமா என்று துருவாமல் பொறுமையாகக் கேட்டறிய வேண்டும். கோபம் என்றால் அவர் தம் வேலையைச் செய்திருக்கிறார், மறுபடி அழைக்கலாம். பயம் என்றால், காரணம் தெளிவாகத் தெரியாவிட்டாலும் அழைக்காதீர்கள்.