அந்திப்பொழுதின் மெட்டு

நேயர்களுக்கு வணக்கம். அந்தி ஆராதனையிலும் அடக்க ஆராதனையிலும் 'என்னோடிரும்' என்ற கிறிஸ்தவப் பாமாலைப் பாட்டை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அதன் ஆங்கில மூலமான 'அபைட் வித் மீ'யை எழுதிய ஹென்றி பிரான்சிஸ் லைட், இங்கிலாந்தின் பிரிக்சம் என்ற மீன்பிடி ஊரில் போதகராக இருந்தவர். காசநோயால் நலிந்து 1847இல் நீஸ் நகரில் காலமானார். நாம் இன்று பாடும் மெட்டு அவர் காதில் விழவேயில்லை.

அது 14 ஆண்டுகளுக்குப் பிறகு, 1861இல் பிறந்தது. அவ்வாண்டு வெளிவந்த 'ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அண்ட் மாடர்ன்' என்ற பாமாலைத் தொகுப்பின் இசைப் பதிப்பாசிரியர், லண்டன் ஆர்கன் கலைஞர் வில்லியம் ஹென்றி மங்க், தம் மெட்டுக்கு 'ஈவன்டைட்', அதாவது அந்திப்பொழுது, என்று பெயரிட்டார். பத்தே நிமிடத்தில் அமைத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. அவருடைய மனைவியின் நினைவோ வேறு: பெருந்துயரின் நாட்களில், இருவரும் வழக்கம்போல் சூரியன் மறைவதைப் பார்த்திருந்த ஒரு மாலையில் அது பிறந்தது என்கிறார். நான் மனைவியின் பக்கம்.

மெட்டைச் சற்று நெருங்கிக் கேளுங்கள். 'க' என்னும் காந்தாரத்தில் நின்று, படிப்படியாக 'ச' என்னும் ஷட்ஜத்துக்கு இறங்கி, அங்கிருந்து 'ப' என்னும் பஞ்சமத்துக்குத் தாவி, 'த' என்னும் தைவதத்தைத் தொட்டு, மறுபடி காந்தாரத்திலேயே வந்து அமர்கிறது முதல் வரி. நான்கு வரிகளும் ஷட்ஜத்துக்குக் கீழே போவதுமில்லை, தைவதத்தைத் தாண்டுவதுமில்லை. சங்கராபரண ராகத்தின் சுரங்களிலேயே நடக்கும் இதில், இரண்டாம் வரியின் முடிவில் மட்டும் பிரதி மத்தியமம், அதாவது சற்று உயர்ந்த 'ம', ஒரு கணம் மின்னிப் பஞ்சமத்தில் சேர்கிறது. மூன்றாம் வரி 'ரி' என்னும் ரிஷபத்தில் தொங்கி நிற்க, நான்காம் வரி அதே ரிஷபத்தில் தொடங்கித்தான் ஷட்ஜத்துக்கு வீடு திரும்புகிறது.

ஆறு சுரப் படிகளுக்குள் அடங்குவதால் பயிற்சியில்லாத குரலும் இதைப் பாடிவிடும். 1927 முதல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் கால்பந்து ரசிகர் கூட்டம் பாடுவது இந்த மெட்டைத்தான். காந்தியடிகளுக்குப் பிடித்த இப்பாட்டை, டெல்லியில் ஜனவரி 29 அன்று நடக்கும் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் ராணுவ வாத்தியக் குழுக்கள் பல்லாண்டு வாசித்துவந்தன. 2022இல்தான் அது நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டது. அந்த நிகழ்ச்சி நடக்கும், அந்தி சாயும் விஜய் சவுக்கில் லைட்டின் சொற்களுக்கு இடமிருக்கவில்லை. அங்கே ஒலித்ததெல்லாம் மங்கின் மெட்டு மட்டுமே.