ஓவர்டைமுக்குப் போட்ட கையெழுத்து ஓராண்டில் காலாவதியாகும்!

வணக்கம், நேயர்களே. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலோ அதன் புறநகர்களான சாட்ஸ்வர்த்திலோ பீனிக்ஸிலோ ஒரு வேலையில் சேர்ந்த முதல் நாளன்று, தேவைப்படும்போது ஓவர்டைம் பார்க்கச் சம்மதம் என்ற வரி அடங்கிய தாளில் உங்களில் பலர் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அந்தச் சம்மதம் சட்டப்படி ஓராண்டில் காலாவதியாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னதுண்டா?

தென்னாப்பிரிக்காவின் 1997ஆம் ஆண்டு அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம், 10ஆம் பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது. வேலையில் சேரும்போதோ முதல் மூன்று மாதங்களுக்குள்ளோ கொடுத்த ஒப்புதல் ஓராண்டு முடிந்ததும் செல்லாது. வேலை கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எதை நீட்டினாலும் கையெழுத்திடுவார் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

மற்ற விதிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். வழக்கமான வேலை நேரம் வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி. அதற்குமேல் ஒப்புதலின் பேரில் மட்டும் வாரம் 10 மணி நேரம் ஓவர்டைம் பார்க்கலாம். அதற்கு ஒன்றரை மடங்கு கூலி. அரசு நிர்ணயிக்கும் வரம்புக்கு மேல் சம்பளம் பெறுவோருக்கும் மூத்த மேலாளர்களுக்கும் இவ்விதிகள் பொருந்தா. முதலாளிகளும் சங்கங்களும் சேர்ந்து பேரம் பேசும் பேரக் குழு உள்ள தொழில்களில் அங்குள்ள கூட்டு ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும்.

இனி, நீங்கள் மிகவும் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி. 1995ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் வேலைநிறுத்தத்தை வரையறுக்கும்போது, வேலை என்ற சொல்லில் ஓவர்டைமையும், அது கட்டாயமானதாயினும் விருப்பத்தின் பேரில் செய்வதாயினும், சேர்த்துக்கொள்கிறது. அதாவது, தனியொருவராக நீங்கள் மறுக்கக்கூடிய அதே ஓவர்டைமை, ஒரு கோரிக்கைக்காக நாற்பது பேர் பேசிவைத்துக்கொண்டு மறுத்தால் அது வேலைநிறுத்தமாகிவிடும். முறைப்படி செய்யாவிட்டால் வேலையே போகக்கூடும். முறைப்படி என்றால், பிணக்கைச் சிசிஎம்ஏ என்னும் சமரச ஆணையத்திடமோ பேரக் குழுவிடமோ எழுதிக்கொடுத்து, அங்கே தீரவில்லை என்ற சான்று கிடைத்தோ 30 நாள் கழிந்தோ, முதலாளிக்கு 48 மணி நேர எழுத்துமூல அறிவிப்புக் கொடுத்த பிறகு மறுப்பது. அப்படிச் செய்த மறுப்புக்காக யாரையும் வேலைநீக்கம் செய்ய முடியாது.

இவ்வளவு சடங்கா என்று சலித்துக்கொள்பவர்கள் நம் முன்னோர்களின் நிலையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்குக் கொண்டுவந்த ஒப்பந்தக் கூலிகளை ஒரு ஒப்பந்தம் ஆண்டுக்கணக்கில் கட்டிப்போட்டது. டர்பன் அடங்கிய அன்றைய பிரிட்டிஷ் குடியேற்றமான நேட்டாலின் 1891ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று என்னை இன்றும் கலங்கவைக்கிறது. ஒரு தோட்டத்தின் கூலிகள் எல்லோருமோ பெரும்பகுதியினரோ முதலாளிமேல் புகார் சொல்வதற்காக அனுமதியின்றிச் சேர்ந்து வேலையை விட்டுச் சென்றால், அவர்களுக்கு அபராதமோ இரண்டு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்றது அச்சட்டம். அந்தப் புகார் உண்மை என்று தீர்ப்பானாலும் தண்டனை உண்டு என்றும் எழுதிவைத்தார்கள்! கூலி கொடுக்கவில்லை என்று ஒருவர் போய்ச் சொல்வது வழக்கு; ஐம்பது பேர் சேர்ந்து நடந்துபோய்ச் சொல்வது குற்றம். அவர்கள் அஞ்சியது புகாரையன்று, சேர்ந்து நடந்த கால்களைத்தான்.

1913இல், ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள்மேல் விதித்த மூன்று பவுண்டு தலைவரியை எதிர்த்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களிலும் பிறகு கடலோரக் கரும்புத் தோட்டங்களிலும் அந்தக் கால்கள் நடந்தன; அடுத்த ஆண்டே வரி நீங்கியது. 1973 ஜனவரியில் டர்பனின் கொரோனேஷன் செங்கல் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஊரெங்கும் பரவியது. சங்கம் அமைக்கவும் வேலைநிறுத்தம் செய்யவும் உள்ள உரிமை இன்று அரசமைப்பின் 23ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

இந்தக் காணொளியை நிறுத்திவிட்டு, பெட்டியில் இருக்கும் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஓராண்டு கடந்திருந்தால், புதிய தாளில் கையெழுத்திடும் முன் அதை உங்கள் ஷாப் ஸ்டீவர்டிடம், அதாவது வேலையிடத்தில் உள்ள சங்கப் பிரதிநிதியிடம், காட்டுங்கள். அருகில் வேலை செய்பவரின் தாளையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.