வாங்குவதில் வேகம், கொடுப்பதில் நிதானம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு செல்போன் நிறுவனத்துக்குப் புகார் ஒன்று வருகிறது. இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கியவர் புகை நாற்றத்தில் விழித்திருக்கிறார், போன் எரிந்துகொண்டிருந்ததாம். இரண்டு நாள் கழித்து வேறொரு ஊரிலிருந்து அதே மாடல், அதே கதை. மூன்றாவது புகாரில் கையில் தீக்காயம். அந்த நிறுவனம் அடுத்து என்ன செய்யவேண்டும்? இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

செல்போன் பழுது பார்க்கக் கற்றுக்கொள்பவர்களுக்குப் பாடம் நடத்துவது என் வேலை. பேட்டரி பாடம் வரும்போது மற்ற எல்லாவற்றையும்விட நான் அதிகம் கண்டிப்பாக இருப்பேன். காரணம் சொல்லிவிடுகிறேன்.

போனுக்குள் இருக்கும் பேட்டரியில் மெல்லிய செம்புத் தகடு ஒன்றும் அலுமினியத் தகடு ஒன்றும் இருக்கின்றன. செம்பின்மேல் கிராஃபைட் பூச்சு, அலுமினியத்தின்மேல் லித்தியம் சேர்ந்த உலோக ஆக்சைடு பூச்சு. இரண்டும் ஒன்றையொன்று தொடாமலிருக்க நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். மூன்றையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, தட்டையாக அழுத்தி, ஒரு பைக்குள் வைத்து, திரவத்தை நிரப்பி ஒட்டிவிடுகிறார்கள். அந்தத் திரவம் சட்டென்று தீப்பற்றக்கூடியது. நடுவில் இருக்கும் படலமோ தலைமுடியைவிட மெல்லியது. அது எங்காவது ஓரிடத்தில் கிழிந்தால் போதும், உள்ளேயே ஷார்ட் சர்க்யூட். அந்த இடம் சூடாகும். சூட்டில் வேதிவினை வேகமெடுக்கும். அந்த வினை இன்னும் சூட்டைக் கிளப்பும். ஒரு கட்டத்துக்குமேல் அதை வெளியிலிருந்து நிறுத்த முடியாது. போனை அணைத்துவைத்தாலும் உள்ளே இருக்கும் மின்சக்தி அப்படியேதான் இருக்கிறது.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் குறை பயன்படுத்துபவர் கண்ணுக்குத் தெரியாது. பேட்டரி உப்பி, திரை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றால் சரி, அதைப் பார்த்துச் சர்வீஸுக்குக் கொண்டுவந்துவிடலாம். உள்ளே ஒரு மூலையில் தகடு மடங்கியிருந்தால் யாருக்குத் தெரியும்? வாங்கியவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் பயனில்லாத இடம் இது. ஆகவே பொறுப்பு முழுக்க முழுக்கச் செய்தவர் தலையில்தான் விழுகிறது.

2016-ஆம் ஆண்டு சாம்சங் கேலக்ஸி நோட் 7 விஷயத்தில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். பேட்டரிக் குறையை எப்படிக் கையாளலாம், எப்படிக் கையாளக்கூடாது என்ற இரண்டுமே அந்த ஒரே கதையில் இருக்கின்றன.

ஆகஸ்ட் 19-ஆம் தேதி போன் விற்பனைக்கு வந்தது. சில நாட்களிலேயே தீப்பிடித்த படங்கள் பரவின. செப்டம்பர் 2-ஆம் தேதி நிறுவனத்தின் செல்போன் பிரிவுத் தலைவர் கோ டோங் ஜின் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, விற்பனையை நிறுத்துவதாகவும் 25 லட்சம் போன்களை மாற்றித் தருவதாகவும் அறிவித்தார். அன்று அவர்கள் கையில் இருந்த புகார்கள் 35. பத்து லட்சம் போனுக்கு 24 போனில்தான் குறை இருக்கும் என்றும் கணக்குச் சொன்னார்கள்.

இரண்டே வாரத்தில் எடுத்த முடிவு இது. நான் மனதாரப் பாராட்டுகிறேன். பத்து லட்சத்தில் 24 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, "இது அபூர்வம், பயப்படவேண்டாம்" என்று காலம் கடத்த எவ்வளவோ வழி இருந்தது. அந்த 24 எவை என்று யாருக்கும் தெரியாத நிலையில், 25 லட்சம் வீடுகளிலும் அது இருக்கலாம் என்று நினைத்துத்தான் ஆகவேண்டும். அப்படி நினைத்தார்கள்.

அதன் பிறகுதான் சறுக்கல்.

நோட் 7-க்கு இரண்டு இடங்களிலிருந்து பேட்டரி வந்தது. ஒன்று சாம்சங் குழுமத்தின் எஸ்டிஐ, இன்னொன்று ஏடிஎல் என்ற நிறுவனம். எரிந்த போன்களில் இருந்தது முதல் வகை. சரி, கோளாறு அதில்தான் என்று முடிவு கட்டி, இரண்டாவது நிறுவனத்தின் பேட்டரியைப் போட்டு மாற்றுப் போன்களைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். புதிய போன் என்று அடையாளம் தெரியவேண்டுமே, அதற்காகத் திரையின் மேல்மூலையில் பேட்டரிக் குறி பச்சையாகத் தெரியும்படி செய்தார்கள். பச்சை என்றால் பத்திரம். ஜனங்களும் நம்பினார்கள்.

அக்டோபர் 5-ஆம் தேதி அமெரிக்காவில் லூயிவில் நகர விமான நிலையத்தில், புறப்படத் தயாராக இருந்த சவுத்வெஸ்ட் விமானத்தில் ஒரு பயணியின் போன் புகைய ஆரம்பித்தது. எல்லோரையும் இறக்கினார்கள். அந்தப் பயணி, சொன்னபடி பழைய போனைக் கொடுத்துவிட்டு மாற்றுப் போன் வாங்கியவர். பணிப்பெண்கள் சொன்னபடி போனை அணைத்தும் வைத்திருந்தார். அவர் செய்யவேண்டியதில் எதையும் விடவில்லை. அடுத்தடுத்து இன்னும் சில மாற்றுப் போன்கள் எரிந்தன. அக்டோபர் 11-ஆம் தேதி அந்த மாடலையே நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள்.

முழுக் காரணம் 2017 ஜனவரி 23-ஆம் தேதிதான் வெளிவந்தது. சுமார் 700 பொறியாளர்கள், இரண்டு லட்சம் போன்கள், தனியாக முப்பதாயிரம் பேட்டரிகள் என்று சோதனை நடத்தியிருந்தார்கள். முதல் வகை பேட்டரியில், சுருளின் வலது மேல்மூலைக்கு உறையில் போதுமான இடம் இல்லை. அதனால் நெகட்டிவ் தகடு மூலையில் அழுந்தி மடங்கியிருந்தது. இரண்டாவது வகையில் குறையே வேறு. பாசிட்டிவ் பக்க இணைப்பைப் பற்றவைத்த இடத்தில் கூர்மையான உலோகப் பிசிறுகள் நீட்டிக்கொண்டு நின்றன. அவை மேலே ஒட்டியிருந்த நாடாவையும் பிரிக்கும் படலத்தையும் குத்தித் துளைத்தன. சில பேட்டரிகளில் அந்தக் காப்பு நாடாவே ஒட்டப்படவில்லை.

ஆக, ஒரே போன், இரண்டு பேட்டரி, இரண்டு வெவ்வேறு நோய். முதல் நோய்க்குக் காரணம் கண்டுபிடித்த நிம்மதியில் இரண்டாவதைத் தேடவில்லை. என் மனதில் பதிந்த பாடம் இதுதான்: ஆபத்தான போனைத் திரும்ப வாங்குவதற்குக் காரணம் தெரியவேண்டிய அவசியமில்லை. ஆனால் மாற்றுப் போனைக் கொடுக்கக் காரணம் முழுசாகத் தெரிந்தாகவேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய ஆசைப்பட்டதுதான் வினையாகப் போயிற்று.

அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் வாடிக்கையாளருக்கு என்ன கொடுப்பது? பணம். வாங்கிய முழு விலையைக் கையில் கொடுத்துவிடுங்கள். வேறு மாடல் வேண்டுமென்றால் ஏற்கெனவே நிலைத்துப்போன ஒரு பழைய மாடலைக் கொடுங்கள். அதே மாடலின் "சரிசெய்யப்பட்ட" வடிவம் மட்டும் வேண்டாம். வாடிக்கையாளரைப் போட்டி நிறுவனத்திடம் இழந்துவிடுவோம் என்று விற்பனைப் பிரிவு கவலைப்படும். படட்டும். அவசரமாகக் கொடுத்த மாற்றுப் போன் எரிந்தால் அதைவிட அதிகமாக இழக்க நேரிடும்.

இன்னொன்றும் அப்போது நடந்தது. சீனாவில் விற்ற போன்களில் வேறு பேட்டரி இருப்பதால் அவை பாதுகாப்பானவை என்று ஆரம்பத்தில் விலக்கு வைத்தார்கள். கடைசியில் அங்கேயும் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் போன்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. காரணம் உறுதியாகாதபோது "உங்களுக்கு மட்டும் பயமில்லை" என்று யாரிடமும் சொல்லக்கூடாது.

அரசு அமைப்புகளைப் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட திரும்பப் பெறுதலை நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தோடு சேர்ந்துதான் செய்யவேண்டும். சாம்சங் முதலில் தானாகவே ஆரம்பித்தது. ஆணையத்தின் முறையான அறிவிப்பு செப்டம்பர் 15-ஆம் தேதிதான் வந்தது. அதற்குள் அங்கே மட்டும் பேட்டரி சூடானதாக 92 புகார்கள், அவற்றில் தீக்காயம் பட்டதாக 26. முறையான அறிவிப்பு வந்துவிட்டால் அந்தப் பொருளை விற்பதே சட்டவிரோதம் ஆகிவிடும். அதற்கு முன்னால் கடைக்காரருக்கு அது வெறும் வேண்டுகோள். அரசிடம் போனால் தாமதமாகும் என்று நிறுவனங்கள் தயங்குவதுண்டு. முதல் புகார்கள் ஒரேமாதிரி இருக்கின்றன என்று தெரிந்த அன்றே போய்ச் சொல்லிவிட்டால் இந்தத் தாமதப் பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம், ஜனங்களிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது? முதல் வரியிலேயே "போனை அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள்" என்று இருக்கவேண்டும். வருத்தம், விளக்கம், நிறுவனத்தின் பாரம்பரியம் எல்லாம் பிறகு. கூகுள் 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ போன்களுக்கு ஒரு மென்பொருள் மாற்றத்தை அனுப்பியது. சில போன்களில் சார்ஜ் நிற்கும் நேரம் வெகுவாகக் குறைந்துபோனது. அதற்கு ஈடாக இலவச பேட்டரி மாற்றமும் பணமும் தருவதாகச் சொன்னார்கள், அது நல்லதுதான். ஆனால் அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர் பேட்டரி செயல்திறன் பற்றியது. பேட்டரி சூடாகித் தீக்காயம் ஏற்படலாம், அதைத் தடுக்கத்தான் அந்த மென்பொருள் மாற்றம் என்பதை ஆஸ்திரேலிய நுகர்வோர் அமைப்பின் திரும்பப் பெறும் அறிவிப்பில்தான் பலர் படித்தார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று மட்டும் நினைப்பவர் அந்த மென்பொருள் மாற்றத்தைத் தள்ளிப்போடுவார், பழைய மென்பொருளுக்குத் திரும்பக்கூட வழி தேடுவார். தீ என்று சொல்லியிருந்தால் அவர் அப்படிச் செய்வாரா?

ஒளிவுமறைவில்லாமல் சொன்னதற்கும் ஒரு உதாரணம் உண்டு. 2007 ஆகஸ்டில் நோக்கியா பிஎல்-5சி பேட்டரிகளைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. மட்சுஷிட்டா நிறுவனம் 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில் தயாரித்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள். சூடேறிய சம்பவங்கள் உலகம் முழுக்கச் சுமார் நூறுதான். யார் தயாரித்தது, எந்த மாதம், ஆபத்து எப்போது வரும், எல்லாவற்றையும் சொன்னார்கள். பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, அதன் பின்னால் அச்சடித்திருக்கும் 26 எழுத்தும் எண்ணுமான குறியீட்டைப் பார்த்து, இணையதளத்தில் போட்டால் உங்கள் பேட்டரி அந்தக் கணக்கில் வருகிறதா என்று தெரிந்துவிடும். வந்தால் பேட்டரியை மட்டும் இலவசமாக மாற்றிக்கொள்ளலாம். போன் உங்களிடமே இருக்கும்.

இன்றைய போன்களில் அந்த வசதி இல்லை. பேட்டரியைப் பசை போட்டு உள்ளே ஒட்டிவிட்டார்கள். சின்னக் குறையென்றாலும் போனோடுதான் திருப்பிக் கொடுக்கவேண்டும். போனோடு உங்கள் படங்களும் எண்களும் வங்கிக் கணக்கும் போகின்றன. மக்கள் திருப்பிக் கொடுக்கத் தயங்குவதற்கு இது பெரிய காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டம், பயன்படுத்துபவரே பேட்டரியைக் கழற்றும்படி இருக்கவேண்டும் என்கிறது, சில விலக்குகளோடு. எனக்கு அந்த விலக்குகளில் உடன்பாடில்லை. பேட்டரியை நாமே கழற்றும் வசதி திரும்ப வரும்வரைக்கும், திரும்பப் பெறும் நிறுவனம் தரவுகளை வேறு போனுக்கு மாற்றித் தரும் வேலையையும் தானே ஏற்கவேண்டும். தற்காலிகமாக ஒரு போனையும் கையில் கொடுக்கவேண்டும். போன் இல்லாமல் வாரக்கணக்கில் இருக்கச் சொன்னால் யார்தான் திருப்பிக் கொடுப்பார்கள்?

திருப்பி அனுப்புவதிலும் ஆபத்து இருக்கிறது. தீப்பிடிக்கலாம் என்று சந்தேகப்படும் பொருளைச் சாதாரண பார்சலில் போட முடியாது. நோட் 7-க்கு உள்ளே பீங்கான் இழை பதித்த பெட்டியையும் ஒரு ஜோடி கையுறையையும் அனுப்பினார்கள். விமானத்தில் ஏற்றாமல் தரைவழியாகத்தான் அனுப்பவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சிலர் அந்தப் பெட்டியைப் பார்த்துக் கிண்டலடித்தார்கள். எனக்கு அது சரியான முறையாகவே பட்டது. அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்க யாருக்கும் மனம் வராது.

எல்லாம் செய்தும் கொஞ்சம் பேர் கொடுக்கவே மாட்டார்கள். பெரும்பாலான நோட் 7-கள் திரும்பி வந்துவிட்ட நிலையிலும் மிச்சம் இருந்தது. முதலில் சில நாடுகளில் 60 சதவீதத்துக்குமேல் சார்ஜ் ஏறாதபடி மென்பொருளில் தடை போட்டார்கள். பிறகு அமெரிக்காவில், 2016 டிசம்பரில், சார்ஜே ஏறாதபடி செய்தார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளை விற்றவர் எங்கிருந்தோ முடக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பேருந்திலும் விமானத்திலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் போனை வாங்கவில்லையே. ஆகவே முடக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் மூன்று விஷயம் வேண்டும்: பல வாரங்களுக்கு முன்பே அவர் மொழியில் அறிவிப்பு, எந்த நிபந்தனையும் இல்லாமல் முழுப் பணம், பில் இல்லாதவருக்கும் இரண்டாம் கையாக வாங்கியவருக்கும் அதே பணம். இந்தக் கடைசி விஷயத்தில்தான் நிறுவனங்கள் சாதாரணமாகக் கையை விரிக்கின்றன. பேட்டரிக்கு அது எத்தனையாவது கை என்று தெரியாது. ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை வைத்தே குறையுள்ள போனா இல்லையா என்று பார்த்துவிடலாம். பில்லைக் கேட்கவேண்டிய தேவையே கிடையாது.

நன்றி, வணக்கம்.