முதலில் கிணற்றைப் பேசுவோம்

சனசமூக நிலையத் தலைவர் அவர்களே, அம்மாமாரே, அண்ணன்மாரே, பின்வரிசையில் போனும் கையுமாக இருக்கிற தம்பிமாரே, வணக்கம்.

ஒழுங்கை முடிவில் பற்றை மண்டிக் கிடக்கும் இரண்டு பரப்பு வளவைத் தோட்டமாக்கத்தான் கூடியிருக்கிறோம். கனடாவில் இருக்கும் காணிக்காரர் போனில் 'ஓம்' சொல்லிவிட்டாராம். சந்தோஷம், ஆனால் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். இரண்டு பரப்பு என்றால் 20 பேர்ச்; எங்கள் எட்டு வீட்டுக்குத் தாராளம். கட்டாக்காலி மாடு நுழையாமல் படலை ஒன்று வேண்டும். விதையெல்லாம் பிறகு. முதலில் கிணறு.

முன்பு வேறோர் இடத்தில் ஏழு வீட்டார் இப்படித் தொடங்கினோம். மார்கழி மழையில் எல்லோரும் நல்ல சிநேகிதர். பங்குனி வெய்யில் வந்ததும் ஒரு மோட்டாருக்கு ஏழு பேர். ஒரு பின்னேரம் இரண்டு பேர் கிணற்றடியில் நின்று "நேற்று நீங்கள்தானே இறைச்சீங்கள்" என்று மாறிமாறிச் சண்டை. பக்கத்துப் பாத்தியில் பயிற்றங்கொடி தலை தொங்கி, பூவெல்லாம் கொட்டிக் கிடந்தது. அந்த இரண்டு பேரில் ஒருவன் நான்.

இத்தனைக்கும் இது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. வீட்டுப் பழைய காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்: கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும் எழுதியிருக்கும். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையில், மற்றவர் காணியில் தென்னை நட்டவருக்கு என்ன பங்கு என்பதுகூட இருக்கிறது. துலாவால் இறைத்த காலத்தில் கை அலுத்தால் இறைப்பு நிற்கும். மோட்டாருக்கு ஏது அலுப்பு?

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மழைத்தண்ணி சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் இறங்கி, அடியில் உள்ள உப்புத்தண்ணிக்கு மேலே நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறிவிடும். யூரியாவைக் கொட்டினாலும் அதே வெடிப்பு வழியாக உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று எங்கள் குடிதண்ணிக்கே திரும்பி வரும். 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடுத்தபோது தோட்டக்காரர் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். தடை போடச் சொல்லவில்லை. எங்களுக்கு வேண்டிய கத்தரிக்கும் கீரைக்கும் மாட்டெருவும் பூவரசங்குழையும் போதும். குழையைத் தாட்டு, மேலே தேங்காய்ப் பொச்சுமட்டை பரப்பினால் ஈரமும் நிற்கும்.

சரி, கொப்பி கொண்டு வந்திருக்கிறேன். கிழமைக்கு ஏழு நாள், காலை மாலை என்று பதினான்கு முறை. வீட்டுக்கு ஒரு முறை எட்டு. மிச்சம் ஆறையும் கிணறு ஊற விடுவோம். வேலைக்குப் போகிறவர்கள் முதலில் வந்து எழுதுங்கள். நான் பென்சன்காரன், என் ஒரு முறைக்கு, மற்றவர்கள் எடுத்து மிஞ்சிய நாளை எடுத்துக்கொள்கிறேன்.